ஆகஸ்டு இருபத்து நான்கு

சிறையிலிருந்து,
14 ஜனவரி 2023

அன்புள்ள அக்கா கமலவேணிக்கு,

தம்பி காளிதாஸ் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மகள் தேவிஸ்ரீ ஜொகூரில் வேலை பார்க்கிற இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? நாளைக்குப் பொங்கல். என் பங்குக்கும் ஒரு வாய் சாப்பிட்டுவிடு. தமிழ் தெரிந்த வார்டன் ஒருவர் படித்த பிறகுதான் இது உன் கைக்கு வரும். அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வாழ்த்து.

இங்கே நூலகத்தில் ஒரு மலாய்ப் புத்தகம் அகப்பட்டிருக்கிறது. வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். அந்தத் தேதியில் எந்தெந்த வருஷம் உலகத்தில் என்ன நடந்தது என்று போட்டிருக்கிறான். உள்ளே எல்லா நாளும் ஒரே மாதிரிதான் அக்கா. காலையில் அந்தப் பக்கத்தைப் படித்தால்தான் செவ்வாயும் புதனும் எனக்கு வேறு வேறாகத் தெரிகிறது.

இன்றைக்கு என்ன தெரியுமா? 1641இல் இதே ஜனவரி 14இல்தான் டச்சுக்காரன் போர்த்துகீசியனை விரட்டி நம் மலாக்காவைப் பிடித்தான். 1969இல் இதே தேதியில் மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தார்கள். இது புத்தகத்தில் இல்லை, வார்டன் சொன்னது.

மே 9ஆம் பக்கத்தை மட்டும் நான் திறப்பதில்லை. 2018இல் அன்றைக்குத்தான் அறுபது வருஷ ஆட்சி மாறியது, ஊரே கொண்டாடியது. அன்றைக்குத்தான் அலோர் காஜாவில் சாப்பாட்டுக் கடை வாசலில் நான் தள்ளிவிட்ட ஆள் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. அது எந்தப் புத்தகத்திலும் வராது. அவன் வீட்டில் எழுதி வைத்திருப்பார்கள்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். விடுதலைத் தேதி வந்துவிட்டது. ஆகஸ்டு 24. ஓடிப்போய்ப் பக்கத்தைப் புரட்டினேன். 1511இல் மலாக்கா போர்த்துகீசியனிடம் விழுந்த நாள்! நம் ஊர் விழுந்த நாளில் என்னை வெளியே விடுகிறார்கள் என்று வார்டனிடம் சொன்னேன், சிரித்தார். கல்கத்தாவுக்கும் அதுதான் பிறந்தநாள் என்று ஒரு காலத்தில் கொண்டாடினார்களாம். ஆக, கெட்டதும் நடந்திருக்கிறது, நல்லதும் நடந்திருக்கிறது. நான் நல்ல பக்கத்தில் சேர்ந்துகொள்கிறேன். ஆகஸ்டு 24, அக்கா. காலண்டரில் வட்டம் போட்டு வை.

அன்புத் தம்பி,
காளிதாஸ்

•

அலோர் காஜா,
20 பிப்ரவரி 2023

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் நலம். முட்டி மழை வந்தால் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. அங்கே குளிருக்குப் போர்வை போதுமா? உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

தேவிக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் குகன். மலாக்கா தெங்கேராவில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். அப்பா இல்லை, அம்மா மீனம்மாதான் கடையைப் பார்க்கிறார். சாமி விஷயம், சடங்கு விஷயம் எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார். நல்ல மனுஷி. முன்னே இரண்டு இடம் வந்து தட்டிப்போனது உனக்குத் தெரியும். ஏன் தட்டிப்போனது என்று நான் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. இந்த இடமாவது நிலைக்க வேண்டும் என்று தினமும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன்.

உன் தேதிப் பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. 1956இல் இதே பிப்ரவரி 20இல் நம் மலாக்காப் பாடாங் திடலில்தான் சுதந்திரம் எந்த நாள் என்று அறிவித்தார்களாம். காலையில் ரேடியோவில் சொன்னான், உன் ஞாபகம் வந்தது.

உடம்பைக் கவனித்துக்கொள். சண்டை சச்சரவில் தலையிடாதே.

அக்கா,
கமலவேணி

•

சிறையிலிருந்து,
17 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நம்ம தேவிக்குக் கல்யாணமா! மச்சான் போனபோது அவளுக்கு ஆறு வயசு. லோரியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஹோர்னை அமுக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள்.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். முகூர்த்தத்தை ஆகஸ்டு 24க்கு அப்புறம் வை. தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போது அவளுக்கு வேறு யாரும் நெற்றிப்பட்டம் கட்டக் கூடாது. கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவதும் நான்தான். எனக்கென்று பிள்ளையா குட்டியா? இது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருக்கிறது.

அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டாயா? கொலைகாரன் என்று வேண்டுமானால் சொல், ஆனால் மறைக்காதே. பிறகு தெரிந்தால் தேவிக்குத்தான் கஷ்டம்.

இன்றைய பக்கம் நம் ஊரைப் பற்றியதுதான். 1824 மார்ச் 17இல் லண்டனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, டச்சுக்காரன் மலாக்காவை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறான். மலாக்காவில் இருந்தவனுக்கு அது எத்தனை மாசம் கழித்துத் தெரிந்ததோ!

சீக்கிரம் பதில் போடு.

அன்புத் தம்பி,
காளிதாஸ்

•

அலோர் காஜா,
2 ஜூன் 2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறாயா? உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலைக்குப் போகிற இடத்தில் ஆள் குறைவு, வீட்டுக்கு வந்தால் கை ஓயவில்லை.

முகூர்த்தம் குறித்துவிட்டோம். செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நீ கேட்டபடி உன் தேதிக்குப் பிறகுதான் வருகிறது. மண்டபம் பேசியாகிவிட்டது. குகன் ஒவ்வொரு வாரமும் போன் பண்ணி எனக்கு முட்டிவலி எப்படி என்று கேட்கிறான். அப்படிப்பட்ட பிள்ளை.

உன்னைப் பற்றி மீனம்மா கேட்டார். சொன்னேன். நீ அதையெல்லாம் நினைத்து மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
கமலவேணி

•

சிறையிலிருந்து,
18 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் தேவியும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டார், சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொன்னாய் என்று எழுதவில்லையே? அந்த அம்மா என்ன சொன்னார்? முகம் சுளித்தாரா? எதுவாக இருந்தாலும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். உனக்குப் பொய் சொல்ல வராது, அதனால் பாதியில் நிறுத்திவிடுவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மனசு சரியில்லை.

தம்பி,
காளிதாஸ்

•

அலோர் காஜா,
20 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே? இங்கு எல்லாரும் நலம். சேலை எடுத்தாகிவிட்டது. பத்திரிகையும் வந்துவிட்டது.

முக்கியமான ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆகஸ்டு 24 அஷ்டமி. மறுநாள் நவமி. ஐந்து வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறவன் அஷ்டமியில் வாசப்படி மிதிக்கக் கூடாது. கல்யாண வீடு வேறு. அதனால் அன்றைக்கு நேரே இங்கே வராதே. கிளேபாங்கில் உன் சினேகிதன் காந்தனுக்குச் சாப்பாட்டுக் கடை மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறதாம், கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் அங்கே தங்கு. 26ஆம் தேதி நானே வந்து உன்னைப் பார்க்கிறேன், எல்லாம் பேசுவோம். அக்கா சொன்னால் கேட்பாய்தானே?

ராத்திரியில் நன்றாகத் தூங்கு.

அக்கா,
கமலவேணி

•

சிறையிலிருந்து,
5 ஆகஸ்டு 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கடிதம் எழுதிய ஜூலை 20 என்ன நாள் தெரியுமா? மனுஷன் நிலாவில் கால் வைத்த நாள். அன்றைக்குப் பார்த்து நீ என்னை வீட்டில் கால் வைக்காதே என்கிறாய்! நல்லா இருக்கு லா உன் நியாயம்.

அஞ்சு வருஷமாக நான் அஷ்டமியிலேதான் குடியிருக்கிறேன், இனி என்ன புதுசா வந்துவிடப் போகிறது? ஆனாலும் கல்யாண வீடு, உன் மனசுக்கு ஒரு குறை வேண்டாம். சரி, காந்தன் வீட்டுக்கே போகிறேன்.

நெற்றிப்பட்டம் கட்டும்போது தாய்மாமன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேட்டி எனக்கு இன்னும் கட்டத் தெரியும், கவலைப்படாதே. ஆள்தான் பாதியாக இளைத்துவிட்டேன், தலையும் மொட்டை. தேவி பார்த்துப் பயந்துவிடப் போகிறாள், முன்கூட்டியே சொல்லி வை.

வார்டன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

தம்பி,
காளிதாஸ்

•

ஜொகூர் பாரு,
19 ஆகஸ்டு 2023

(இந்தக் கடிதம், பெறுநர் விடுவிக்கப்பட்டார் என்ற முத்திரையோடு செப்டம்பரில் திரும்பி வந்தது.)

அன்புள்ள மாமாவுக்கு,

தேவிஸ்ரீ எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்? எனக்குத் தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போச்சு, தப்பு இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஹாஸ்டலில் உட்கார்ந்து நாலாவது தாளை எடுத்திருக்கிறேன்.

மாமா, 24ஆம் தேதி வீட்டுக்கு வராதீர்கள். அஷ்டமி எல்லாம் ஒரு சாக்கு. அன்றைக்கு நம் வீட்டில் உங்களுக்குப் படையல்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு மீனம்மா அத்தை, தாய்மாமன் எங்கே என்று கேட்டார். அம்மா பட்டென்று இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டார். முந்தின இரண்டு இடமும் உங்கள் பெயரைக் கேட்டதும் எழுந்து போனார்கள், அந்தப் பயம். சடங்கு தெரிந்தவர் சும்மா விடுவாரா? எந்தத் தேதியில் தவறினார் என்று உடனே கேட்டார். அம்மா திகைத்துப்போய் ஆகஸ்டு 24 என்றார். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து காலண்டரில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த தேதி அது ஒன்றுதானே, மாமா? வாயில் வேறு எதுவும் வரவில்லையாம். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் தாய்மாமனுக்குப் படைத்து ஆசீர்வாதம் வாங்கிவிட்டு அப்புறம்தான் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் செப்டம்பர் 3.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு இருபத்தொன்பது வயசு. குகனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவருக்கும் எதுவும் தெரியாது. அன்றைக்கு எனக்கு டியூட்டி, லீவு கேட்கவே இல்லை. உங்கள் படத்துக்கு மாலை போடுவதைப் பார்க்க என்னால் முடியாது.

கல்யாணத்துக்கு வராதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா.

உங்கள்,
தேவி

•

கிளேபாங்,
27 ஆகஸ்டு 2023

அன்பு மருமகள் தேவிக்கு,

மாமா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா, கண்ணு? நைட் ஷிப்டில் தூக்கம் கெடுமே, பார்த்துக்கொள். போன் இன்னும் வாங்கவில்லை. காந்தன் கடையில் தட்டுக் கழுவிக் கொடுக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது.

24ஆம் தேதி நான் வீட்டுக்குப் போனேன். அக்கா பேச்சைத் தட்டியது தப்புத்தான். காலையில் வெளியே விட்டார்கள். பஸ் நிலையத்தில் எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், முந்தின நாள் இந்தியாக்காரன் நிலாவில் இறங்கிவிட்டானாம். மலாக்கா பஸ்ஸில்தான் ஏறினேன். அலோர் காஜாவைப் பார்த்ததும் கால் நிற்கவில்லை, இறங்கிவிட்டேன். வாசலை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

கேட் திறந்திருந்தது. வாசலில் நிறைய செருப்பு. எனக்காகத்தான் கூடியிருக்கிறார்கள், அஷ்டமி என்று சொல்லி அக்கா என்னை ஏமாற்றுகிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவ்வளவு சந்தோஷப்பட்டுவிட்டேன், தேவி. அப்புறம்தான் ஹாலில் என் படத்தைப் பார்த்தேன். லோரி ஓட்டின காலத்துப் படம், தலை நிறைய முடி, பெரிய மீசை. சந்தன மாலை. முன்னால் தலைவாழை இலை, கருவாட்டுக் குழம்பு, கோழி, ஒரு ஸ்டவுட் பீர் பாட்டில்.

ஓர் அம்மா வெளியே வந்தார். உன் மாமியார் என்று பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே இருந்தவர்களும் அவர் பக்கத்து ஆட்கள்தான், எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"யாருங்க வேணும்?"

பின்னாலேயே அக்கா கரண்டியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் எழுத மாட்டேன். அவள் அப்படியே கூப்பிட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான்தான் முந்திக்கொண்டேன்.

"காளிதாஸோட கூட்டாளிங்க. லோரி ஓட்டுறப்ப பழக்கம். இன்னைக்கு அவனோட தேதின்னு சொன்னாங்க."

"ஐயோ, வாங்க அண்ணே, உள்ள வாங்க! படையல் சாப்பாடு, சாப்பிடாம போகக் கூடாது லா."

உட்கார்ந்தேன். அக்கா பரிமாறினாள். சோறு இலைக்கு வெளியே விழுந்தது. மீனம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, "எப்படிங்க போனாரு? சம்பந்திகிட்ட கேட்டா அழுதுடுறாங்க, அதான் கேட்கிறதில்ல" என்றார்.

என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சாவு ஒன்றுதான்.

"கடை வாசல்ல ஒரு சண்டைங்க. ஒருத்தன் தள்ளிவிட்டான். விழுந்தவரு எந்திரிக்கல."

"அடப் பாவி! தள்ளிவிட்டவன் எங்க?"

"உள்ள இருக்கான்."

"அவனையெல்லாம் வெளியவே விடக் கூடாது."

"ஆமாங்க" என்றேன். அந்த ஆள் வீட்டிலும் மே 9ஆம் தேதி இப்படித்தான் இலை போட்டிருப்பார்கள், அவனுக்குப் பிடித்ததை வைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

கை கழுவி வந்ததும் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனுஷிதான், அக்கா எழுதியது சரி.

"அண்ணே, பொண்ணுக்கு இப்ப மாமன் முறைக்கு ஆளில்ல. நீங்க அவரோட உயிர்க் கூட்டாளி. அவரு ஸ்தானத்துல நீங்க வந்து பட்டம் கட்டுங்களேன். அவரு ஆத்மா குளுந்துடும்."

தேவி, நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு தலையாட்டல் போதும். பொய்யனாகவே வந்து, யாரோ ஒருவனாக நின்று, உனக்குப் பட்டம் கட்டிவிட்டுப் போய்விடுவேன். வாழ்க்கையில் வேறெதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

"வேணாம் சம்பந்தி. அவருக்கு வேலை இருக்கும்" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆமாங்க. அன்னைக்கு லோரி ஓடுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவைத் திட்டாதே. கல்யாணத்துக்கு நூறு பேர் வருவார்கள், அலோர் காஜாக்காரன் ஒருவனாவது என்னை அடையாளம் கண்டுகொள்வான். அவள் யோசித்தது சரி. மீனம்மா போட்டுக் கொடுத்த வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

26ஆம் தேதி வருகிறேன் என்றாள், வரவில்லை.

குகனோடு நன்றாக இரு. என்னைப் பற்றி இப்போதைக்கு வாயைத் திறக்காதே. கல்யாணத்தன்று மணவறைக்குப் போகும்போது வலது கால் எடுத்து வை.

மாமா,
காளிதாஸ்

•

அலோர் காஜா,
12 செப்டம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? காந்தன் கடையில் உனக்கு வேலை ஒத்துப்போகிறதா? போன் வாங்கிவிட்டாய் என்று தேவி சொன்னாள். உன் குரலைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன், சம்பந்தி வீட்டார் அடிக்கடி வந்துபோகிறார்கள். அதனால் எழுதவே செய்கிறேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாமன் முறைக்கு ஆளில்லாமல் மச்சானுடைய சித்தப்பா மகன் சேகரன்தான் பட்டம் கட்டினான். உன் படத்தை ஒரு நாற்காலியில் வைத்து, தேவியை அதன் காலில் விழுந்து கும்பிடச் சொன்னார் மீனம்மா. தேவி விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்கித்தான் மணவறைக்குக் கூட்டிப்போனோம். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

26ஆம் தேதி கிளேபாங் வரைக்கும் வந்தேன். நீ கடைக்குப் பின்னால் குனிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உன்னிடம் வந்து என்ன சொல்வது, தம்பி? நீ வேண்டாம் என்று என் வாயால் சொல்லிவிட்டேனே.

இன்னொரு விஷயம். வருஷா வருஷம் ஆகஸ்டு 24ஆம் தேதி உனக்குப் படைக்க வேண்டும், ஒரு வருஷத்தோடு விட்டுவிடக் கூடாது என்கிறார் சம்பந்தி. அடுத்த வருஷக் காலண்டரில் இப்போதே குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டாளி அண்ணனும் வருவார்தானே என்று கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன்.

நீ வா. தேவியும் குகனும் இருப்பார்கள், அவள் கையால் உனக்குப் பரிமாறச் சொல்கிறேன். வேறு எந்த நாள் வந்தாலும் யார் நீ, என்ன உறவு என்று கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கமலவேணி